ஒடியல் மாவும் எழுதாத கூலியும்



பாடசாலை அதிபர் ஒருவர் கைத்தொழிலைப் பற்றிப் பேச முற்பட்டது ஏனோ என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. நான் கலைப் பட்டதாரி, வாணிகம் செய்தறியேன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக வெண்கட்டியையும் வரவு இடாப்பையும் அன்றி வேறு கருவிகளைக் கையாண்டவனல்லன். ஆயினும் இன்று நான் சொல்ல வந்த செய்தி அந்த வரவு இடாப்பிலேதான் தொடங்குகின்றது.

வடமராட்சியிலே கடலை அடுத்த ஒரு கிராமத்துப் பாடசாலை எங்களுடையது. ஒரு மாசி மாதத்தில் ஒருநாள், பத்தாந் தர வகுப்பின் இடாப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவியின் பெயருக்கு நேரே, தை பிறந்த நாள் முதலாக, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வரவில்லை என்ற குறி இடப்பட்டிருந்தது. வகுப்பாசிரியையைக் கேட்டேன். “வீட்டிலே ஒடியல் வேலையாம், சேர்” என்றார். தாயை வரச் சொன்னேன்.

வந்தவள் என்னிடம் முன்னர் படித்தவள். கணவனை இழந்து, முதிய தாயோடும் மகளோடும் வாழ்பவள். கையிலே இரண்டு பொதி ஒடியல் மா கொண்டுவந்திருந்தாள். நான் கண்டிக்கத் தொடங்குமுன்னரே அவள் முந்திக்கொண்டாள். “குறை நினைக்காதேங்கோ சேர், இந்த இரண்டு மாசந்தான். வெயில் இருக்கேக்கை கிழிச்சுக் காயப்போடாட்டில் எல்லாம் பூத்துப்போம். நீங்கள்தானே பரிசளிப்பு விழாவிலை சொன்னனீங்கள், ஊரிலை கிடைக்கிற சாமானை வைச்சுத் தொழில் செய்யச் சொல்லி!”

சொன்னது உண்மைதான். மேடையிலே ஏறினால் எங்களைப் போன்றவர்களுக்கு அது வழக்கமான பேச்சு. சிறு முதல், ஊர்ப் பொருள், பாட்டியின் கைப்பக்குவம், பெரும் பயன் என்று அடுக்கிவிட்டு, மாலையோடு இறங்கி வந்துவிடுவோம். அந்தப் பேச்சை ஒருத்தி நம்பித் தொழில் தொடங்கியிருக்கிறாள். அதன் பயனாக என் பாடசாலையிலேயே ஒரு பிள்ளையின் படிப்புத் தடைப்படுகிறது. அன்று மாலை அவளுடைய வீட்டுக்குச் சென்றேன். அங்கே கண்டவற்றையும், பின்னர் அவளும் நானும் சேர்ந்து கற்றவற்றையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

பனையை அறியாத நேயர்களும் மலையகத்திலும் கொழும்பிலும் இருப்பீர்கள். அவர்களுக்காக ஒடியல் உருவாகும் வகையை முதலிற் கூறிவிடுகின்றேன். ஆடி ஆவணியிலே பனம்பழம் விழத் தொடங்கும். பழத்தின் களியைப் பிசைந்தெடுத்துப் பனங்காய்ப் பணியாரம் சுடுவோம். அல்லது பாயிலே படைபடையாக ஊற்றி வெயிலில் உலர்த்திப் பனாட்டு ஆக்குவோம். எஞ்சிய விதைகளை எறிவதில்லை. மணற்பாங்கான நிலத்தைக் கொத்திப் பண்படுத்தி, மேட்டுப் பாத்தி அமைத்து, விதைகளை நெருக்கமாக அடுக்கி வைத்துவிடுவோம். ஐப்பசி கார்த்திகை மாரி அவற்றை முளைக்கச் செய்யும். முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும். தை மாதத்திலே பாத்தியைக் கிண்டினாற் பனங்கிழங்கு. அதன் தோலை உரித்து, நடுவே கிழித்து, உள்ளிருக்கும் குருத்தை நீக்கி, பச்சையாகவே வெயிலிற் காய வைத்தால் ஒடியல். கிடாரத்திலே அவித்துக் கிழித்துக் காய வைத்தாற் புழுக்கொடியல்.

இந்த ஒழுங்கிலே ஒரு நுட்பம் இருக்கின்றது. மாரி முடிந்து, வானம் வெளுத்து, உலர்ந்த காற்று வீசத் தொடங்கும் வேளையிலேதான் கிழங்கு கிண்டுகின்றோம். உலர்த்துவதற்கு உகந்த பருவமும் கிழங்கு முற்றும் பருவமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஆதலின் எங்கள் முன்னோருக்கு உலர்த்தும் இயந்திரம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தப் பருவம் மிகக் குறுகியது. ஓராண்டுக்கு விற்க வேண்டிய பண்டத்தின் பெரும்பகுதி வேலையை இரண்டு மூன்று மாதங்களுள் முடித்தாக வேண்டும். அந்த நெருக்கடியே அந்தப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து இழுத்தது.

பச்சை ஒடியலை இடித்த மா சற்றே கயர்ப்பும் கைப்பும் உடையது. அதை நீரில் ஊற வைத்து, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு வடித்த பின்னரே பிட்டுக்கும் கூழுக்கும் எடுப்பார்கள். கூழைப் பற்றி நான் விரித்துச் சொல்லத் தொடங்கினால் நேரம் போதாது. மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் பயிற்றங்காயும் புளியும் செத்தல் மிளகாயும் சேர்ந்து கொதிக்க, பிலாவிலையைக் கோலிக் குடித்தவர்களுக்கு அது தெரியும். புழுக்கொடியல் மாவோ, தேங்காய்ப்பூவும் சீனியும் கலந்து அப்படியே உண்ணத்தக்கது.

அவளுடைய முற்றத்திலே படங்கு விரித்து ஒடியல் பரப்பியிருந்தது. கிழவி ஒருபுறம் கிழங்கு உரிக்க, பிள்ளை கத்தியாற் கிழித்துக்கொண்டிருந்தாள். கை விரல்களிற் சிறு வெட்டுக்காயங்கள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. தாயிடம், “கணக்கு எழுதுவதுண்டா?” என்று மட்டும் கேட்டேன்.

எழுதியிருந்தாள். அந்த வகையில் என் மாணவி என்று பெருமைப்படலாம். பழைய கொப்பி ஒன்றிலே கிழங்கு வாங்கிய காசு, விறகு, மில்லிலே அரைத்த கூலி, பொலித்தீன் பை, முகப்புச் சீட்டு அச்சடித்தது, கடைகளுக்குப் போய்வந்த பேருந்துக் காசு யாவும் வரிசையாக இருந்தன. விற்ற தொகையிலிருந்து இவற்றைக் கழித்து, மிகுதிக்கு எதிரே ‘இலாபம்’ என்று எழுதிக் கோடும் இட்டிருந்தாள். நூறு ரூபாவுக்கு விற்றால் முப்பத்தைந்து ரூபா மிஞ்சுவதாக அக்கணக்குக் காட்டியது. நல்ல இலாபந்தானே என்று எவருக்கும் தோன்றும்.

“இதிலே வேலை செய்தவர்களின் கூலி எங்கே?” என்றேன்.

அவள் சிரித்தாள். “அது வீட்டு வேலைதானே சேர். ஆருக்குக் கூலி?”

இருவரும் அமர்ந்து, அந்தப் பருவத்தில் யார் யார் எத்தனை நாள் உழைத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். தாய் நாற்பது நாள். கிழவி நாற்பது நாள். பாடசாலைக்கு வராத நாட்களையும் சனி ஞாயிறுகளையும் சேர்த்துப் பிள்ளை இருபது நாள். ஆக மொத்தம் நூறு நாட்கள். நூறாற் பிரிப்பதற்குக் கணிதப் பட்டம் வேண்டியதில்லை. ‘இலாபம்’ என்று கோடிட்ட தொகையை நூறாற் பிரித்தபோது ஒரு நாளுக்கு விழுந்த காசு, எங்களூரிலே வெங்காயத் தோட்டத்துக்குப் புல்லுப் பிடுங்கப் போகும் பெண்ணின் நாட்கூலியிற் பாதிக்கும் குறைவாக இருந்தது. அவள் சிறிது நேரம் பேசவில்லை.

பிறகு அவள் சொன்ன மறுமொழியையும் நான் மறைக்கக் கூடாது. “கூலிக்குப் போறதை விட வீட்டிலை இருந்து செய்யிறது மரியாதை சேர். அம்மாவையும் பார்க்கலாம்.” இதை அலட்சியம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. பிறர் வளவிலே குனிந்து நிற்பதற்கும், தன் முற்றத்திலே தன் பெயரிட்ட பொதியைக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காசால் அளக்க முடியாது. நோயாளியான தாயை விட்டு வெளியே போக முடியாதவளுக்கு வீட்டுத் தொழிலே கதி. ஆனால் மரியாதைக்காகத் தன் கூலியிற் பாதியை விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு. மகளுடைய இருபது நாளை விட்டுக்கொடுக்க உரிமை உண்டா? இதைத்தான் நான் அவளிடம் கேட்டேன். கேட்ட பின்பு எனக்கே நெஞ்சு உறுத்தியது. அதற்குக் காரணம் உண்டு.

1990ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே, வடக்கிற்குப் பொருள்கள் வருவது தடைப்பட்டிருந்தபோது, மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அரும்பொருளாக இருந்ததை என் வயதினர் மறக்க மாட்டார்கள். கோதுமை மா கிடைக்காத நாட்களில் ஒடியற் பிட்டே எங்கள் வீட்டில் உணவு. என் தாயார் அக்காலத்தில் ஒடியல் இடித்து, அயலிலுள்ள கடைக்கும் கொடுத்தார். பல்கலைக்கழகத்துக்கு நான் சென்றுவந்த செலவு அந்த மாவிலிருந்து வந்தது. பொருளியற் பாடத்திலே நிலம், உழைப்பு, மூலதனம் என்று பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சையிற் சித்தியடைந்தேன். வீட்டு உரலடியிலே நின்ற உழைப்புக்கு என்ன ஊதியம் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்தேனில்லை. தாயார் இன்று இல்லை.

இனித் தொழிலின் மற்றப் பக்கத்துக்கு வருகின்றேன். வீட்டிலே நன்றாகச் செய்பவர்கள் எல்லாரும் விற்பனைக்கும் நன்றாகச் செய்துவிடுவார்கள் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். அது தவறு என்பதை ஐம்பது கிலோ மாவைப் பறிகொடுத்து அறிந்துகொண்டோம். அவள் கொழும்பிலுள்ள ஒரு கடைக்கு அனுப்பிய பொதிகள் மூன்று வாரத்திலே திரும்பி வந்தன. மா கட்டிபட்டு, பூஞ்சண மணம் வீசியது. “அம்மாவின் காலத்திலே ஒடியல் ஒரு வருடம் கிடக்குமே, இப்பொழுது ஏன் இப்படி?” என்று அவள் அழாக்குறையாகக் கேட்டாள்.

விடை அவளுடைய கேள்வியிலேயே இருந்தது. தாயின் காலத்திலே ஒடியலைப் பனையோலைப் பெட்டியில் இட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார்கள். ஓலைப் பெட்டி மூச்சு விடும். அடுப்பின் சூடும் புகையும் ஈரத்தையும் வண்டையும் அண்டவிடா. சற்றே ஈரமிருந்தாலும் நாளடைவில் அது வெளியேறிவிடும். பொலித்தீன் பையோ மூச்சு விடாது. உள்ளே போன ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பண்டத்தைப் புதிய உறையிலே இடும்போது பழைய பக்குவம் மட்டும் போதாது என்பதை நாங்கள் எண்ணவில்லை. இன்னொரு பிழையும் நேர்ந்திருந்தது. மில்லிலிருந்து வரும் மா சூடாக இருக்கும். பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று சூட்டோடு பொதி கட்டி ஒட்டிவிட்டாள். சூடு தணியும்போது பையின் உட்புறம் வியர்க்கும். அந்த வியர்வையே பூஞ்சணத்துக்குப் போதும்.

இப்போது அவள் கைக்கொள்ளும் முறை எளிது. காய்ந்த ஒடியலைக் கையால் முறிப்பாள். படீரென்று ஒலித்து முறிந்தால் எடுப்பாள். வளைந்தால் மீண்டும் வெயிலுக்கு அனுப்புவாள். தடித்த துண்டுகளை வேறாக்கி மேலும் இரண்டு நாள் காயவிடுவாள். நிலத்திலே படங்கில் விரிப்பதை விட்டு, இடுப்பளவு உயரத்திற் பந்தலிட்டு வலைக்கம்பி கட்டியிருக்கிறாள். காற்று கீழிருந்தும் மேலிருந்தும் படுகின்றது. கோழியும் நாயும் அணுகுவதில்லை. முழு ஒடியலாகவே சேமித்து வைத்து, வேண்டிய அளவுக்கு மட்டும் அரைக்கின்றாள். மாவாகிவிட்டால் அதன் ஆயுள் குறைந்துவிடும். அரைத்த மாவைத் தூய துணியிலே பரப்பி, நன்கு ஆறிய பின்னரே பொதி செய்கின்றாள். மில்லுக்குப் போவதும் காலையில் முதலாவது ஆளாக, அல்லது அரிசி அரைத்த பின். மிளகாய் அரைத்த கையோடு ஒடியலைப் போட்டால் உண்பவர் கண்ணீர் விடுவார். இதை அனுபவித்தவர்களில் நானும் ஒருவன்.

பூஞ்சணம் பிடித்த ஒடியலைத் துடைத்துக் காயவைத்து அரைத்துவிடலாம் என்று சொல்வோர் ஊரில் உண்டு. அவர்களுடைய சொல்லைக் கேளாதீர்கள். பூஞ்சணங்களிற் சில உண்டாக்கும் நஞ்சு வெயிலாலும் அடுப்பாலும் அகலுவதன்று. அந்த ஐம்பது கிலோவையும் அவள் குழி தோண்டிப் புதைத்தாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இருந்தும் அதைச் செய்தாளே, அந்த நாளிலிருந்துதான் அவளை நான் தொழிலதிபர் என்று எண்ணத் தொடங்கினேன்.

அலுவலக விடயங்களைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகின்றேன். பிரதேச செயலகத்தின் வழியாக வணிகப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். உணவு தயாரிக்கும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்வையிடுவார். அவர் பெயரைக் கேட்டாலே எங்கள் பெண்கள் நடுங்குகின்றார்கள், நடுங்க வேண்டியதில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நம்மைப் போன்று வாங்கி உண்பவர்களின் காவலுக்காக ஏற்பட்டது. அவளுடைய வீட்டுக்கு வந்த பரிசோதகர் தண்ணீர், மலசலகூடம், பாத்திரம் கழுவுமிடம் ஆகியவற்றைப் பார்த்து இரண்டு திருத்தங்களைச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டும் அவளுக்கே நன்மையாயின. பொதியின் மேலே பண்டத்தின் பெயர், சேர்ந்த பொருள்கள், நிறை, செய்த நாள், முடிவு நாள், செய்தவர் முகவரி, தொகுதி இலக்கம் முதலியன இருத்தல் வேண்டும். தொகுதி இலக்கம் எதற்கு என்று முதலில் முணுமுணுத்தாள். முறைப்பாடு ஒன்று வந்தால் எந்த நாளில் அரைத்த மா என்று அறிந்து அதை மட்டும் திருப்பி எடுக்கலாம். எல்லாவற்றையும் புதைக்க வேண்டியதில்லை என்று சொன்னதும் விளங்கிக்கொண்டாள். 1978ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் இத்துறைக்கென்றே உள்ளது. கேட்டறிய வேண்டியவற்றை அங்கே கேட்டறியலாம்.

முகப்புச் சீட்டிலே என்ன எழுதலாம் என்பதில் ஊரார் பலர் ஆலோசனை கூறினர். சலரோகம் தீரும் என்று போடு, புற்றுநோய் அணுகாது என்று போடு என்றார்கள். இக்காலத்தில் எல்லாப் பண்டமும் மருந்தாகத்தான் விற்கப்படுகின்றது. நான் உடன்படவில்லை. நோய் தீர்க்கும் என்று உணவுப் பொதியில் எழுதுவது சட்டத்துக்கும் ஒவ்வாது, உண்மைக்கும் ஒவ்வாது. அதற்குப் பதிலாக, மாவை எத்தனை முறை ஊறவைத்து நீர் வடிக்க வேண்டும், கூழுக்கு எவ்வளவு கரைக்க வேண்டும் என்று நான்கு வரியிலே தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டோம். இவ்வளவு சிறிய செயலின் பயன் எனக்கே வியப்பைத் தந்தது. கொழும்பிலும் கடல் கடந்தும் இருக்கும் எங்கள் இளந்தலைமுறையினர் கூழ் விரும்பாமல் விட்டவர்களல்லர். மா கயர்க்கின்றதே என்று விட்டவர்கள். ஊறவைத்து வடிக்க வேண்டுமென்று அவர்களுக்குச் சொல்லப் பாட்டிமார் அருகில் இல்லை.

முதல் திரட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. இத்தொழிலில் கிழங்கை வாங்கும் காசு தை மாசியிலே கையில் இருக்க வேண்டும்; விற்ற காசு சிறுகச் சிறுக மார்கழி வரை வரும். 2009ஆம் ஆண்டுக்குப் பின் எங்கள் மாகாணத்திலே வீட்டு வாசலுக்கு வந்து கடன் கொடுப்போர் பெருகினர். வாங்கிய அடுத்த வாரமே தவணை தொடங்கும். கிழங்கு முற்றத்திலே காய்ந்துகொண்டிருக்கும்போது தவணைக்காரர் வாசலில் நிற்பார். முதற் தவணையைக் கட்ட இரண்டாங் கடன், இரண்டாவதைக் கட்ட மூன்றாங் கடன் என்று சிக்கிய குடும்பங்கள் பல. 2018ஆம் ஆண்டிலே, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலுள்ள பெண்களின் நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. கடனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பண்டம் காசாகும் காலமும் கடன் கட்டும் காலமும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அவள் தன் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்திலே, பருவ முடிவிற் கட்டும் ஒழுங்கில், சிறு தொகையே பெற்றாள். அதனால் தொழில் மெதுவாக வளர்ந்தது. மெதுவாக வளர்ந்ததால் அவளுக்கு இரவில் தூக்கம் வந்தது.

இனி விலை. கூலியைக் கணக்கில் எழுதிய பின் பழைய விலைக்கு விற்க முடியாதென்பது வெளிப்படையாயிற்று. விலையை உயர்த்தச் சென்றாள். சந்தைக்கு அருகிலுள்ள ஒரு கடைக்காரர் எடுக்க மறுத்தார். “பக்கத்து ஊர்ப் பெண் பழைய விலைக்கே தருகிறாளே” என்றார். அது பொய்யன்று. பக்கத்து ஊர்ப் பெண்ணின் கொப்பியிலும் கூலி எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ஒருத்தி தன் உழைப்பை இலவசமாகக் கொடுத்தால் அடுத்தவளும் கொடுத்தேயாக வேண்டியிருக்கின்றது. இப்படித்தான் எங்கள் குடிசைத் தொழில்களின் விலை ஆண்டாண்டாகக் கீழே கிடக்கின்றது. குற்றம் கடைக்காரருடையது மாத்திரமல்ல. பத்து ரூபா குறைத்துக் கேட்டு வாங்கியதைச் சாமர்த்தியம் என்று வீட்டிலே சொல்லும் நாமும் அதிலே பங்காளிகள். பட்டணத்துக் கடையிலே பளபளக்கும் பிஸ்கற் பெட்டிக்கு விலை பேசுகின்றோமா?

அவள் செய்தது எனக்குத் தோன்றாத காரியம். அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்ணைத் தேடிச் சென்று, தன் கொப்பியைக் காட்டினாள். மாதர் சங்கத்தின் வழியாக மேலும் இருவர் சேர்ந்தனர். நால்வரும் தத்தம் நாட்களை எழுதிக் கணக்கிட்டு, இன்ன விலைக்குக் கீழே கொடுப்பதில்லை என்று தங்களுக்குள் ஒழுங்கு செய்துகொண்டார்கள். 2022ஆம் ஆண்டிலே ரூபாவின் பெறுமதி வீழ்ந்து கோதுமை மா விலை பன்மடங்கு ஏறியிருந்ததனால், ஊர் மாவைத் தேடுவோர் ஏற்கெனவே கூடியிருந்தனர். அந்த நினைவு சந்தையில் இன்னும் முற்றாக அழியவில்லை. எல்லாம் சுகமாக முடிந்ததென்று எண்ண வேண்டாம். மறுத்த கடைக்காரர் இன்றும் எடுக்கவில்லை. முதல் மூன்று மாதம் விற்பனை குறைந்தது. நால்வரில் ஒருத்தி பணமுடையால் விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, பின்னர் வெட்கப்பட்டு மீண்டும் வந்து சேர்ந்தாள். அவளை மற்றவர்கள் ஒதுக்கவில்லை என்பதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

மட்டக்களப்பிலே எருமைத் தயிர் விற்பவர்களும், மன்னாரிலே கருவாடு போடுபவர்களும், பருத்தித்துறையிலே தட்டை வடை சுடுபவர்களும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் பண்டத்தின் பக்குவம் எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கொப்பியிலே வலப்பக்கத்தில் ஓர் ஓரம் கோடிட்டு, இன்றைக்கு யார் யார் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள் என்று ஒரு மாதம் மட்டும் எழுதிப் பாருங்கள். பெரியவர்களையும் சிறியவர்களையும் விடாமல் எழுதுங்கள். மாத முடிவிலே கூட்டிப் பார்க்கும்போது, எந்தப் பண்டத்தை நிறுத்த வேண்டும், எதற்கு விலை ஏற்ற வேண்டும் என்பது உங்களுக்கே தெரியவரும். என் மாணவி அப்படிப் பார்த்துத்தான், மிகுந்த வேலை வாங்கிச் சிறிதே தந்த பனாட்டை விற்பனைக்குச் செய்வதை நிறுத்தினாள். வீட்டுக்கு மட்டும் செய்கிறாள். அதிலே எனக்கும் ஒரு துண்டு வருவதுண்டு.

கடந்த தை மாதத்திலே கிழங்கு கிழிப்பதற்கு அயலிலுள்ள ஒரு பெண்ணை நாட்கூலிக்கு வைத்துக்கொண்டாள். அந்தக் கூலி கொப்பியில் இருக்கின்றது. கிழவியின் பெயரும் இருக்கின்றது. தன் பெயரிலே கூலி எழுதுவதைக் கண்டு கிழவி முதலிற் கோபித்தாளாம். பின்பு மாதமுடிவிலே அதைக் கேட்டு வாங்கி, கண்ணுக்கு மருந்து எடுக்கத் தானே பட்டணம் போய்வந்தாளாம். ஆண்டு முடிவிலே இலாபம் என்ற கோட்டுக்கு எதிரே நின்ற தொகை முன்னையிலும் மிகச் சிறியது. அதைக் காட்டும்போது அவள் வெட்கப்படவில்லை.

சாதாரண தர வகுப்பின் வரவு இடாப்பை மாசி முடிவிலே பார்த்தேன். அந்தப் பெயருக்கு நேரே இரண்டு நாட்களே வரவில்லை. ஒன்று காய்ச்சல், மற்றது ஊர்க் கோயிற் திருவிழா. சனிக்கிழமைகளில் அரை நாள் மட்டும் தாய்க்கு உதவுகின்றாளாம், முகப்புச் சீட்டு ஒட்டுவதற்கு. அந்த அரை நாளும் எழுதப்படுகின்றது.

ஆடி பிறந்தால் மீண்டும் பனம்பழம் விழத் தொடங்கும். இம்முறை பாத்தி இரண்டு போடப் போவதாகவும், வலைக்கம்பி இன்னும் பத்து முழம் வேண்டுமென்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கின்றாள். வலைக்கம்பியின் விலையை விசாரித்துச் சொல்வதாக நான் ஏற்றுக்கொண்டிருக்கின்றேன்.